தண்ணீருக்குப் போகும் வழியின் அகலம்

மேய்ச்சல் குத்தகைப் பத்திரத்தின் ஒன்பதாவது நிபந்தனை இப்படிச் சொல்கிறது: குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி பொதுக் காரியத்துக்குத் தேவைப்பட்டால், குத்தகைதாரரிடம் பேசி, அவர் சம்மதத்தை எழுத்தில் பெற்று, அந்தப் பகுதியைக் குத்தகையிலிருந்து விடுவித்துக்கொள்ளலாம், அப்படி விடுவிக்கும்போது, மீதி நிலத்தில் மேயும் கால்நடைகள் வழக்கமாகத் தண்ணீருக்குப் போகும் வழியை விட்டுவைக்க வேண்டும்.

இதில் ஒரு குறையும் இல்லை. வருவாய்த் துறையிலேயே நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு தெளிவான நிபந்தனைகள் அரிது. எழுதியவர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். ஆடு தண்ணீர் குடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்டுக்கு அகலம் உண்டு என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. வழி எத்தனை அடி என்று பத்திரத்தில் எங்குமே இல்லை. 1991ஆம் ஆண்டு முழுவதும் என் மேசையில் கிடந்தது அந்த விடுபட்ட எண்தான்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றலாகி வந்தேன். தொழில் வளாகத்துக்கு நிலம் ஒப்படைக்கும் வேலைக்கென்று தனியாக ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். அதில் நான் துணை வட்டாட்சியர். என் மனைவி திருவாரூரில் பள்ளி ஆசிரியை. கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் கூடியவரை ஒரே மாவட்டத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டுதல் உண்டு. அதை மேற்கோள் காட்டி விண்ணப்பித்தேன். 'பரிசீலிக்க இயலாது' என்று மறுவாரமே பதில் வந்துவிட்டது. இல்லை என்று சொல்ல அரசுக்கு நேரமே பிடிக்காது. ஆகட்டும் என்று சொல்லத்தான் காலம் வேண்டும்.

ராமானுஜர் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு லாட்ஜின் மாடியறையில் தங்கினேன். ரயில் இல்லாத ஊர். தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து ரயில், திருவாரூர் போய்ச் சேர்ந்தால் ஒரு தூக்கம், ஒரு குளியல், துவைத்த துணியோடு திரும்புதல். முதலில் மாதம் ஒருமுறை போனேன். பிறகு மாதம் விட்டு மாதம். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. குழாய் பழுதையும் பரீட்சைத் தாள்களையும் பற்றி எழுதினாள். நான் வெயிலைப் பற்றி எழுதினேன். லாட்ஜின் கீழே இருந்த மெஸ்ஸில் பரிமாறுகிறவர், "இன்னா சார், ரசமா மோரா?" என்று கேட்பார். சில நாட்கள் அலுவலகத்துக்கு வெளியே நான் யாரோடாவது பேசியது அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக மட்டும்தான்.

நிலம் ஒரகடம் தாண்டி வடக்குப்பட்டுப் பக்கம் இருந்தது. இப்போது அங்கே போனால் அடையாளம் தெரியாது. அப்போது வேலிக்காத்தானும் சூரைமுள்ளும் கல்லும்தான். மேற்கே மேடு, கிழக்கே சமதரை, சமதரைக்கு அப்பால் ஏரி. சாலையை ஒட்டிய சமதரைதான் தொழில் வளாகத்துக்கு வேண்டும். மேட்டை யாரும் கேட்கவில்லை. ஆகவே சமதரையைக் குத்தகையிலிருந்து விடுவித்துவிட்டு மேட்டைக் குத்தகைதாரருக்கே விடுவது என்று முடிவாகியிருந்தது. காகிதத்தில் பார்த்தால் தாராளமான ஏற்பாடு. புலப்படத்தை விரித்துப் பார்த்தால், ஆட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மதில்சுவர் வரப்போகிறது.

குத்தகைதாரருக்கு ஏறக்குறைய என் வயது. அவர் தகப்பனார் காலத்திலிருந்து ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு வந்த குத்தகை. ஒரு காலத்தில் அந்த மேட்டில் பங்காளிகள் நாலைந்து பேர் மந்தை வைத்திருந்தார்களாம். ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போக, மிஞ்சியவர் இவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகளை மணிமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மேட்டின் ஓரத்தில் பட்டியும் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குடிசையுமாக இருந்தார்.

முதல் பேச்சுவார்த்தை கிராம நிர்வாக அலுவலர் அறையில் நடந்தது. நான், சர்வேயர், தொழில் வளாகத்தின் தரப்பில் ஓர் இளம் பொறியாளர். குத்தகைதாரர் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அறிவிப்பை முழுவதும் வாசித்தேன். வாசிக்க வேண்டும் என்பது விதி. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எட்த்துக்கோ சார்," என்றார். "கெவுருமெண்ட்டு நெலம், கெவுருமெண்ட்டு எடுக்குது. நான் குறுக்க வந்து படுக்கப் போறதில்ல. தண்ணிக்கு மட்டும் வயி வுட்டுடு."

"வழி உண்டு. பத்திரத்திலேயே இருக்கு. எவ்வளவு அகலம் வேணும், சொல்லுங்க."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். வலது கையின் மேல் போர்த்தினார். மேசைக்குக் குறுக்கே அந்தக் கையை என்னிடம் நீட்டினார்.

கையில் ஏதோ காயம், காட்ட வருகிறார் என்று நினைத்தேன். சர்வேயர் சிரித்துவிட்டார்.

"யோவ், இது இன்னா சந்தைன்னு நெனச்சிக்கினியா? சாராண்ட போய்த் துண்ட நீட்ற?"

ஆட்டுச் சந்தையில் விலை பேசுவதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். விற்கிறவரும் வாங்குகிறவரும் துண்டுக்குள் கைகோத்து நிற்பார்கள். ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார், விடுவார், மறுபடி பிடிப்பார். வாய் எதையோ பேசிக்கொண்டிருக்கும். விலை விரலில் நடக்கும். சுற்றி நிற்பவர்கள் யாருக்கும் தெரியாது. படியாமல் போனாலும் யாருக்கும் அவமானம் இல்லை. அந்தக் கை இப்போது என் மேசை மேல், மைப்புட்டிக்குப் பக்கத்தில், துண்டுக்குள் காத்திருந்தது.

"வாயாலேயே சொல்லுங்க," என்றேன்.

அவர் பொறியாளரைப் பார்த்தார், சர்வேயரைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். பலர் முன்னால் எண்ணைச் சொல்வது அவருக்குக் கூச்சமாக இருந்தது என்பது தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாப்பது அடி," என்றார்.

எழுதினேன். அவர் என் பேனா முனையையே பார்த்தார்.

"எயுதிட்டியா சார்?"

"எழுதியாச்சு."

"நாப்பதுன்னா?"

"நாப்பதுன்னுதான்."

அவர் முகம் மாறியது. சர்வேயரின் பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். "கேட்டதும் குட்த்துட்டாரேப்பா. இன்னா விசயம்?"

"நீ கேட்ட, அவரு எயுதினாரு. வேற இன்னா விசயம்?"

"அப்ப எம்பது கேட்டிருக்கணும்."

சந்தையில் முதலில் சொல்லும் எண் எண்ணே அல்ல. பேச்சைத் தொடங்குவதற்காகப் போடுகிற கனைப்பு. எதிராளி அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டும், நடந்து போகிற மாதிரிப் பாவனை செய்ய வேண்டும், திரும்பி வர வேண்டும். அலுவலகத்திலோ முதலில் சொல்லும் எண் வாக்குமூலம். அதைக் குத்தகைதாரருக்கு வாசித்துக் காட்டி, இடது பெருவிரல் ரேகை வாங்கினேன். ஏமாந்தது தானா, அரசா என்று பிடிபடாமல் அவர் எழுந்து போனார்.

மறுநாளே பொறியாளரிடமிருந்து ஆட்சேபணை வந்தது. நாற்பது அடி என்பது லாரி எதிரெதிரே போகும் சாலை. ஆடுகளுக்கு அது எதற்கு? நியாயமான கேள்வி. ஆட்சேபணையையும் வாக்குமூலத்தையும் சேர்த்து, வழியின் அகலத்தை நிர்ணயித்து ஆணையிடுமாறு கேட்டு, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். நீயே முடிவு செய்திருக்கக் கூடாதா என்று பின்னாளில் சிலர் கேட்டார்கள். முடியாது. மேலிட ஆணை இல்லாமல் சர்வேயர் கல் நட மாட்டார். கல் இல்லாத வழியை மதில் கட்டும் ஒப்பந்தக்காரர் மதிக்க மாட்டார். இப்போது கேட்டாலும் அப்படித்தான் அனுப்புவேன்.

பிறகு தேர்தல் வேலை வந்தது. அந்த மே மாதம் அந்த ஊரில் நடந்ததை உலகமே அறியும். அதை எழுத நான் ஆளில்லை. அதன் பிறகு ஊர் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். தனியாக லாட்ஜில் தங்கியிருக்கும் ஆண்கள் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனோம். போலீஸ்காரர் வந்து பெயர், ஊர், தொழில், ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்பார். முதல் மூன்றுக்கும் அத்தாட்சி காட்டினேன். நாலாவதுக்கு மாற்றல் விண்ணப்பத்தின் நகலைக் காட்டினேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "எனக்கும் இதே கதிதான் சார். வூட்ல தருமபுரி," என்றார். சில வாரங்கள் அவர் வருகையை நான் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன். பிறகு அவரையும் எங்கோ மாற்றிவிட்டார்கள்.

கோப்பு ஆடி மாதத்தில் திரும்பி வந்தது. 'நாற்பது அடி மிகையானது. குத்தகைதாரருடன் மீண்டும் பேசி, குறைந்தபட்ச அகலத்துக்கு அவர் சம்மதத்தைப் பெற்று அனுப்பவும்.' அதற்குள் மதில்சுவர் சாலைப் பக்கத்தில் எழத் தொடங்கியிருந்தது.

சர்வேயர் விடுப்பில் இருந்தார். நான் மட்டும் ஒரகடம் பஸ்ஸில் போய் இறங்கி, அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். குத்தகைதாரர் மந்தையை ஏரிக்கு இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லவில்லை. "தனியா வந்துகினியா? நல்லதா போச்சி," என்றார்.

ஆடுகள் குடிக்கும் வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். மந்தை தண்ணீர் குடிக்கிற சத்தம் அத்தனை பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் தூக்குச் சட்டியிலிருந்து கூழ் ஊற்றிக் கொடுத்தார். அலுவல் நிமித்தம் போன இடத்தில் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது நடத்தை விதி. கூழ் விருந்தோம்பலில் சேருமா என்று விதியில் இல்லை. குடித்தேன்.

"வூட்டுல எல்லாம் எங்க சார்?"

"திருவாரூர்."

"தூரம் பூட்டாங்களா, நீ தூரம் வந்துகினியா?"

நான் மீதிக் கூழைக் குடித்தேன். அவரும் அதை விட்டுவிட்டார். "எம்பொண்ணு மணிமங்கலம்தான். நடந்தே போலாம். போனா, 'இன்னாப்பா, ஆட்ட யாரு பாத்துக்கறாங்க'ன்னு கேக்கறா. அது சரிதான். யாரு பாத்துக்கறது?"

ஆடுகள் கரையேறிய பின் நான் விஷயத்துக்கு வந்தேன். நாற்பது கிடைக்காது, உண்மையிலேயே எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். துண்டை எடுத்துக் கை மேல் போட்டார்.

"வாயால சொன்னா நீ எயுதிட்ற. கையக் குடு சார்."

சுற்றிலும் பார்த்தேன். ஆடுகளைத் தவிர யாரும் இல்லை. துண்டுக்குள் கையை விட்டேன்.

அவர் உள்ளங்கை காய்ந்த மரப்பட்டை போல் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் வழக்கத்தில் சேர்ந்ததா, அவருக்கே அப்போது அப்படித் தோன்றியதா என்று தெரியாது. பிறகு, "வெரலுக்குப் பத்து," என்று என் விரல் இரண்டைப் பிடித்தார். இருபது. அரசின் சார்பில் நான் அவருடைய ஒரு விரலை மட்டும் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு, மழை இந்த வருஷம் எப்படி இருக்கும் என்று பேசினார். நானும் மழையைப் பற்றிப் பேசினேன். மறுபடியும் இரண்டு விரல். மறுபடியும் ஒன்று. அவர் கையை உதறிவிட்டு எழுந்து இரண்டு தப்படி போனார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. நிலம் ஒப்படைக்கும் வேலையில் அன்றுதான் முதல்முறையாக, பேச்சுவார்த்தை முறிந்துவிடுமோ என்று பயந்தேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு விரலைப் பிடித்தார், பத்து. "இனிமே வெரலுக்கு ஒண்ணு," என்று கை முழுவதையும் பற்றினார், அஞ்சு. விட்டுவிட்டு இன்னும் ஒரு விரல்.

பதினாறு. நான் அவர் கையை அழுத்தினேன். படிந்துவிட்டது.

"ஒரே வரிசையா போனா பத்தே போதும் சார்," என்றார் துண்டை உதறிக்கொண்டே. "செனை ஆடு நசுங்கும். அதுக்குத்தான் மேல ஆறு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ எட்டு எயுதிக்குவே."

நாடாவைப் பிடித்து இரண்டு கற்களைப் பதினாறு அடி இடைவெளியில் வைத்தோம். மந்தை நடுவே போனது. ஒரு கிடா மட்டும் கல்லுக்கு வெளியே போனது. "அது எப்பவும் அப்டித்தான். உங்க சர்வேயரு மாதிரி," என்றார்.

அன்றிரவு லாட்ஜில் அறிக்கை எழுதினேன். 'குத்தகைதாரருடன் நேரில் பேசியதில் பதினாறு அடி அகலத்துக்கு முழு மனதுடன் சம்மதித்துள்ளார்.' ஒப்பந்தக்காரரிடமும் சொல்லி வைத்தேன். ஆணை வரும், அதுவரை அந்த இடத்தில் சுவர் எழுப்ப வேண்டாம். அவர் தலையாட்டினார். வாய்மொழி உத்தரவுக்குத் தலையாட்டல்தான் ஒப்புகை. சுவர் இரு பக்கமும் வளர்ந்து, நடுவில் ஒரு வாசல் போல இடைவெளி நின்றது. ஆடுகள் அதன் வழியே போய் வந்தன.

மேலே இருந்து பதில் வரவில்லை, கேள்வி வந்தது. 'முதல் வாக்குமூலத்தில் நாற்பது அடி கேட்டவர் இரண்டாவதில் பதினாறு அடிக்கு இறங்கியது எப்படி? நிர்ப்பந்தம் ஏதும் செலுத்தப்பட்டதா? பதினாறு என்ற அளவு எந்த அடிப்படையில் எட்டப்பட்டது? உடனிருந்த சாட்சிகள் யார்?'

குறைக்கச் சொன்னதும் அவர்கள்தான். குறைந்தது எப்படி என்று கேட்பதும் அவர்கள்தான். இதில் வியக்க ஒன்றுமில்லை. இரண்டும் வேறு வேறு பிரிவுகள். ஆனால் நேர்மையான பதில் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. துணை வட்டாட்சியர் ஏரிக்கரையில் துண்டுக்குள் கைவிட்டுப் பேசினார் என்று அரசுக்கு எழுத ஒரு படிவமும் கிடையாது. 'கால்நடைச் சந்தை வழக்கப்படி பேசி முடிவு செய்யப்பட்டது. சாட்சிகள் இல்லை' என்று எழுதினேன். தொலைபேசியில் ஒரு குரல் கேட்டது: "சந்தை வழக்கம்னா என்ன சார்?" சொன்னேன். "இதைக் கோப்புல எப்படி சார் வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நினைவூட்டுக் கடிதம். இரண்டாவது நினைவூட்டு. பெயர் குறிப்பிட்டு ஒரு நேர்முகக் கடிதம். வரிசை மாறாமல் எல்லாம் செய்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் குழி குழியாகத் தண்ணீர் நின்றது. ஆடுகள் அங்கேயே குடித்தன. ஏரிக்குப் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒப்பந்தக்காரர் இடைவெளியை அடைத்தார். நான் போய்க் கேட்டதற்கு, "ஆடே வரல சார். ஆணையும் வரல. பில்லு போடணும், சொவரு முடிஞ்சாத்தானே போட முடியும்?" என்றார். அவர் சொன்னதில் எந்த வாக்கியமும் தவறில்லை.

கார்த்திகையில் ஒரு மாலை, குத்தகைதாரர் லாட்ஜுக்கு வந்தார். தலையில் கோணிப்பை, கால் முழுக்கச் சேறு. என்னைத் தேடி லாட்ஜுக்கு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. மேனேஜர் படியிலேயே நிறுத்தி வைத்திருந்தார். மேலே அழைத்தேன். வரவில்லை, மாடிப்படியின் அடியிலேயே நின்று பேசினார்.

"மயை நின்னா, தை மாசம் வரிக்கும் குட்டத் தண்ணி தாங்கும். மாசில சேறாப் பூடும். பங்குனில ஒண்ணும் கெடையாது. சொவத்தச் சுத்தி ரோட்டு மேல ஓட்டிக்கினு போனா லாரிக்காரன் அட்ச்சிப் போட்டுடுவான்." தலையிலிருந்த கோணிப்பையை எடுத்து உதறினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். ஆடு இப்ப கொயுகொயுன்னு கீது. இப்ப வித்தா வித்தது. மாசில காஞ்ச ஆட்ட எவனும் வாங்க மாட்டான். பங்குனிக்குள்ள பதிலு வந்துருமா? வரும்னா வெச்சிக்கறேன்."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி அந்தத் தாலுகாவில் என்னைவிட யாருக்கும் இல்லை. கோப்பு எந்தப் பிரிவில், யார் மேசையில், எதன் அடியில் இருக்கிறது என்பதை நான் பார்க்காமலே சொல்வேன். இரண்டு பிரிவுகளின் கருத்துரை வேண்டும். தொழில் வளாகத்தின் ஒப்புதல் வேண்டும். கட்டிய சுவரை இடிப்பது யார் செலவு என்று ஒரு கேள்வி நிச்சயம் வரும். ஆண்டு முடிவில் நிலுவையைக் குறைக்க வேண்டும் என்று மேலே நெருக்குவார்கள் என்பதும் தெரியும். நிலுவையைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. இன்னொரு கேள்வி கேட்டுக் கோப்பைக் கீழே திருப்பி அனுப்பிவிடலாம். அல்லது பதில் சொல்லலாம். இரண்டாவது வழியை யாரும் கையாண்டு நான் பார்த்ததில்லை.

அவரை ஏமாற்றக் கூடாது என்று நினைத்தேன்.

"வராது," என்றேன். "பங்குனிக்குள்ள வராது."

அவர் தலையை ஆட்டினார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆபீசரு நீ." கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார். டீ குடித்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

மார்கழியில் சந்தைக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். மந்தையைக் கயிறு கட்டி ஓர் ஓரமாக வளைத்து நிறுத்தியிருந்தார். வாங்க வந்தவரோடு துண்டுக்குள் கைகோத்து நின்றார். இருவரும் யாரோ ஒருவருடைய கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் நடந்து போகவில்லை, கையை உதறவில்லை, திரும்பி வரவில்லை. சீக்கிரமே துண்டு விலகியது. முதலில் பிடித்த விரலுக்கே சம்மதித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மந்தை போனது. அந்தக் கிடா மட்டும் வரிசைக்கு வெளியே போனது. அவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆடு இல்லாம மேட்ட வெச்சிக்கினு இன்னா சார் பண்றது? அத்தையும் எயுதிக்க," என்றார். "பொண்ணு வூட்டுக்குப் போறேன். ஆட்ட யாரு பாத்துக்கறாங்கன்னு இனிமே கேக்க முடியாது பாரு."

தெரிந்தோ தெரியாமலோ நான் கையை நீட்டியிருந்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டுவிட்டு, வெறும் கையால் ஒருமுறை பிடித்துவிட்டு விட்டார். அதில் எந்த எண்ணும் இல்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்து மீதி நிலத்தையும் விட்டுக்கொடுப்பதாக வாக்குமூலம் கொடுத்தார். வாசித்துக் காட்டினேன். ரேகை வைத்தார். குத்தகை முழுவதுமாக முடிந்தது. அந்த ஆண்டு நான் செய்து முடித்த வேலைகளில், ஒரு கேள்வியும் எழாமல் மேலே ஏற்றுக்கொள்ளப்பட்டது அது ஒன்றுதான்.

ஆண்டின் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. புது வருடத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் மதியமே கிளம்பிவிட்டார்கள். நான் திருவாரூர் போவதாக எழுதவில்லை. அவளும் கேட்டு எழுதவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். பஸ் பிடித்து ஓடிவந்த களைப்போடு, மாவட்ட அலுவலகத்திலிருந்து இதற்கென்றே அனுப்பப்பட்ட ஓர் ஆள் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். இன்றைக்குள் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்கி வர வேண்டுமாம்; நாளைக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டு நிலுவையில் சேர்ந்துவிடுமாம்.

அரைப்பக்கக் கடிதம். பத்திரத்தின் ஒன்பதாவது நிபந்தனைப்படி, கால்நடைகள் ஏரிக்குச் செல்வதற்குப் பதினாறு அடி அகலமுள்ள வழியை உடனடியாக ஏற்படுத்தித் தரவும், கட்டப்பட்டுவிட்ட சுவரைத் தொழில் வளாகத்தின் செலவிலேயே அகற்றவும் ஆணையிட்டிருந்தார்கள். அடிப்படை என்ற இடத்தில், 'கால்நடைச் சந்தை வழக்கம்' என்று என் சொற்களே இருந்தன. யாரோ ஒருவர் படித்திருக்கிறார். நகலைக் குத்தகைதாரருக்கு வழங்கி, அவருடைய ஒப்புகையைப் பெற்று அனுப்புமாறு கடைசி வரி கேட்டது.

வந்தவர் கால்மாற்றி நின்றார். "சார், தேதி முத்திரை. நான் கடைசி பஸ்ஸப் புடிக்கணும்."

முத்திரைப் பெட்டியைத் திறந்து, மையில் ஒற்றி, கடிதத்தின் வலது மூலையில் குத்தினேன். ஓர் எழுத்தும் மங்காமல் விழுந்தது: 31 டிசம்பர் 1991.